நீர்புகாப் பெட்டிக்குள் புகுந்த நீர்

கடையைத் திறந்து மின்விசிறியைக்கூடப் போடவில்லை. அதற்குள் மேசைமேல் ஒரு குட்டி கேமரா சொட்டச் சொட்ட வந்து விழுந்தது, கூடவே அதன் டப்பாவும். கேமரா மெக்கானிக்குக் காலையிலேயே தலைவலி ஆரம்பமாயிற்று.

"பாருங்க சார்! தண்ணியே புகாதுன்னு வாங்கின டப்பா. நேத்து சாயங்காலம் கடலுக்குள்ள கொண்டுபோனேன். இன்னிக்கு வகுப்புக்குத் திறந்தா, உள்ள கேமரா குளிச்சிட்டு இருக்கு!" என்றாள் கடலடி நீச்சல் கற்றுத்தரும் டீச்சர். "எல்லாம் என் தம்பி வேலை. மூடி ஓரத்து ரப்பர் வளையத்துக்குக் கிரீஸ் தடவறதுகூட ஒழுங்கா வராது. சாயங்கால பஸ்ல ஊருக்கு அனுப்பிடப் போறேன்."

தம்பி துணிப்பையோடு வாசலில் நின்றான். வேலையும் தங்கும் இடமும் ஒன்றாகப் போகப்போகிற முகம். டீச்சரின் கணவர் நாற்காலியில் சாய்ந்து, கைக்குட்டையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் அப்பவே சொன்னேன், பொறுப்பில்லாத பையன்னு," என்றார்.

"கேஸ் முடிஞ்சது மாமா!" என்று குதித்தான் மெக்கானிக்கின் மைத்துனன். கடைத்தெருவில் அவனுக்கு 'அவசரம்' என்றே பெயர். "வளையத்துல கிரீஸே இல்லை!"

"பார்த்தியா?" என்றார் மெக்கானிக்.

"இல்லை."

"பார்த்துத் தொலையேன்!"

அவசரம் டப்பாவைத் திறந்தான். விரல் வழுக்கியது. வளையம் முழுக்கக் கிரீஸைப் பற்பசை போல அப்பியிருந்தார்கள்.

மெக்கானிக் வெறும் டப்பாவுக்குள் ஒரு டிஷ்யூ காகிதத்தை வைத்து மூடி, வாளித் தண்ணீரில் அமுக்கினார். எடுத்துத் திறந்தால் காகிதம் மொறமொறவென்று இருந்தது. பிறகு கேமராவின் பேட்டரி மூடியைத் தட்டி, விழுந்த சொட்டை நுனிநாக்கில் வைத்து முகத்தைச் சுளித்தார்.

"உப்பே இல்லை. சோப்புதான் கசக்குது. தம்பி, நீ எவ்வளவு கிரீஸ் போடுவே?"

"அரிசி அளவுதான் சார். அதிகமானா மணல் ஒட்டிக்கும்."

"கடல்லேர்ந்து வந்ததும் டப்பாவைக் குழாய்த் தண்ணில அலசுவான். அப்ப பூந்திருக்கும்," என்றார் கணவர்.

"டப்பாதான் ஒழுகலையே சார். அலசற தண்ணில யாராவது சோப்புப் போடுவாங்களா?" மெக்கானிக்குக் குரல் உயரவில்லை, பொறுமைதான் நூலில் தொங்கியது. "கேமரா டப்பாவுக்கு வெளியில இருக்கறப்பவே நனைஞ்சிருக்கு. நனைச்சவர் அதை உள்ள வெச்சு மூடிட்டார், பழி கடல்மேல போகட்டும்னு. கிரீஸ் போடணும்னு தெரிஞ்சிருக்கு, எவ்வளவுன்னு தெரியலை. கையில ஒட்டினதைக் கைக்குட்டைல துடைச்சுக்கிட்டார். நீங்களும் வந்ததுலேர்ந்து கண்ணாடியைத் துடைக்கறீங்க. துடைக்கத் துடைக்க மங்கலாகுது, இல்லையா?"

கணவரின் கை நின்றது.

"காரைக் கழுவறப்போ ஒரு போட்டோ எடுக்கலாம்னு... வாளிக்குள்ள விழுந்துடுச்சு. உன் வாய்க்குப் பயந்து..."

"அட கடவுளே! என் வாய்க்குப் பயந்து என் தம்பியைத் துரத்தப் பார்த்தீங்களா?"

"அத்தான் பயந்துட்டார், சரி," என்றான் தம்பி, வாசலிலிருந்தே. "நீ என்னை ஒரு வார்த்தை கேட்டியாக்கா?"

டீச்சர் திரும்பித் தம்பியின் துணிப்பையைப் பார்த்தாள். அவசரம்கூட அவசரப்படவில்லை.

"கேட்கலைடா," என்றாள் கடைசியில். கண் கலங்கியிருந்தது. "கேட்டிருக்கணும்."

தம்பியின் தோளிலிருந்து பையை இறக்கிக் கணவரின் மடியில் வைத்தாள்.

"தூக்கிட்டு வாங்க. வீடு வரைக்கும்."