வாளியில் ஏறிய பன்

எங்கள் வீட்டில் அப்பா ஒருவர்தான் குண்டு. ஆனால் டயட் எல்லோருக்கும்.

இது என்ன நியாயம் என்று நீங்களே சொல்லுங்கள். காலையில் வெள்ளரிக்காய். மத்தியானம் வேகவைத்த முட்டைக்கோஸ். ராத்திரி, அந்த முட்டைக்கோஸ் வெந்த தண்ணீரிலேயே ஒரு சூப்.

"அப்பா முன்னாடி நாம மட்டும் நல்லா சாப்பிட்டா அவருக்கு ஆசை வராதா?" என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். அம்மாவின் தீர்ப்புக்கு எங்கள் வீட்டில் மேல்முறையீடு கிடையாது.

பேச்சில் காரம் அதிகம் என்று என்னை எல்லோரும் 'மிளகாய்' என்று கூப்பிடுவார்கள். முட்டைக்கோஸை மட்டுமே தின்றுகொண்டிருந்தால் யாருக்குத்தான் காரம் ஏறாது?

அப்பாவுக்குக் கிரேன் ஓட்டுகிற வேலை. எங்கள் பள்ளிக்கு எதிரே ஓர் அடுக்குமாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் நெடுநெடுவென்று நிற்கும் மஞ்சள் கிரேனை நகரத்தில் எங்கிருந்தும் பார்க்கலாம். அதன் உச்சியில் எங்கள் குளியலறை அளவுக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு. காலையில் அப்பா ஏணியில் ஏறி அதற்குள் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் இறங்குவார். செங்கல், கம்பி, பலகை எல்லாவற்றையும் அவர்தான் தூக்கி மேல்மாடிக்கு அனுப்புவார்.

ஏணியில் ஏறும்போது தோளிலும் தொடையிலும் ஒரு பாதுகாப்புப் பட்டை மாட்டிக்கொள்ள வேண்டும். கால் வழுக்கினால் அதுதான் ஆளைத் தாங்கிப் பிடிக்கும். ஆனால் நூறு கிலோவுக்கு மேல் இருப்பவர்கள் அதை மாட்டக் கூடாது என்று புதிதாக ஒரு விதி வந்தது. அப்பாவை எடை மெஷினில் நிறுத்திப் பார்த்தபோது முள் நூற்று நான்கில் போய் நின்றது.

"ரெண்டு மாசம் டைம் தரேன்" என்றார் பாதுகாப்பு அதிகாரி. "அதுக்குள்ள நூறுக்குக் கீழ வாங்க. இல்லேன்னா கிடங்குல மூட்டை எண்ணுற வேலைதான். வருத்தப்படாதீங்க, விதி விதிதான்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்த அப்பா சாப்பிடாமலேயே படுத்துவிட்டார். காலையில் சூரியனை முதலில் பார்க்கிற ஆள் நான்தான் என்று பெருமையடிக்கிற மனிதர் அவர். ஜன்னலே இல்லாத கிடங்கில் அவரை நினைத்துப் பார்க்கவே என்னால் முடியவில்லை. அதனால்தான் முதல் நாள் முட்டைக்கோஸை மறுபேச்சுப் பேசாமல் விழுங்கினேன்.

மூன்று வாரம் கழித்து, எல்லோரும் எடை பார்த்தோம்.

அம்மா இளைத்திருந்தார். எங்களோடு இருக்கும் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, இன்னும் இளைத்திருந்தார். பாவம், பேண்ட் நழுவாமல் இருக்க ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடந்தார். என் எடை அப்படியே இருந்தது. கோபம் மட்டும்தான் கூடியிருந்தது.

கடைசியாக அப்பா ஏறினார். நூற்று ஐந்து.

"மிஷின் கெட்டுப்போச்சு" என்றார் அப்பா.

"அத்தான் கரையணும்னு ஆரம்பிச்சோம். கடைசியில நான்தான் காணாமப் போகப்போறேன்" என்றார் மாமா.

அம்மா தையற்காரர். கழுத்தில் எப்போதும் ஓர் அளவு நாடா தொங்கும். அதை எடுத்து அப்பாவின் இடுப்பைச் சுற்றினார். அப்பா சட்டென்று வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"மூச்சை விடுங்க."

"விட்டுட்டேன்."

"என்கிட்டயே காது குத்தாதீங்க. விடுங்கன்னா விடுங்க!"

அப்பா மூச்சை விட்டார். நாடா அம்மாவின் கையிலிருந்து நழுவி ஓடியது. அம்மா தலையில் அடித்துக்கொண்டார். எங்கே தப்பு நடக்கிறது என்று யாருக்கும் புரியவில்லை.

எனக்குப் புரிந்தது, கணக்கு வகுப்பில். நான் ஓயாமல் பேசுகிறேன் என்று டீச்சர் என்னை ஜன்னல் ஓரத்தில் தனியாக உட்கார வைத்திருந்தார். எங்கள் வகுப்பு இரண்டாவது மாடியில் இருந்ததால் கிரேன் அடிவாரம் நன்றாகத் தெரிந்தது.

கூண்டிலிருந்து ஒரு கயிறு இறங்கியது. கயிற்றின் நுனியில் ஒரு நீல வாளி. கீழே ஒரு கொத்தனார் வாளிக்குள் எதையோ வைத்தார். வாளி மேலே போனது. கொஞ்ச நேரத்தில் மறுபடி இறங்கியது. இப்போது கம்பி கட்டுகிற ஆள் ஒருவர் பேக்கரிப் பெட்டி ஒன்றை வைத்தார். வாளி மேலே போனது. அப்புறம் பலகை அடிக்கும் தச்சர் ஒருவர் இரண்டு கையிலும் பன்னோடு வந்தார்.

"மிளகாய்! வெளியே அப்படி என்ன தெரியுது?" என்றார் டீச்சர்.

"பன், டீச்சர்."

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் இங்கே முட்டைக்கோஸ் வாடையோடு ஏப்பம் விட்டுக்கொண்டிருக்கிறேன், அங்கே வாளி வாளியாக ஏறிக்கொண்டிருக்கிறது!

பள்ளி விட்டதும் நேராகக் கட்டட வாசலுக்குப் போனேன். அங்கே விசில் அண்ணன் நின்றிருந்தார். கீழே நின்று விசில் ஊதி, கொடி அசைத்து, எதைத் தூக்க வேண்டும் என்று அப்பாவுக்குச் சைகை காட்டுபவர் அவர்தான்.

"அண்ணா, எங்கப்பாவுக்கு ஏன் எல்லாரும் தின்னக் குடுக்கறாங்க?"

அவர் ஒளிக்கவே இல்லை. "அது இங்க வழக்கம்மா. கிரேன் ஒண்ணு, வேலை மூணு கோஷ்டிக்கு. தன்னோட சாமானை முதல்ல தூக்கணும்னு கொத்தனாருங்க ஒரு பன் அனுப்புவாங்க. அதைப் பாத்துட்டு கம்பிக்காரங்க கேக் அனுப்புவாங்க. தச்சருங்க மட்டும் சும்மா இருப்பாங்களா?"

"அப்பா யாரோடதை முதல்ல தூக்குவாரு?"

"அவரு பாவம், எல்லார் குடுத்ததையும் தின்னுட்டு, கண்ணை மூடிட்டு ஏதோ ஒண்ணைத் தூக்குவாரு" என்று சிரித்தார்.

அன்று சாயங்காலம் அப்பாவை மொட்டை மாடிக்கு அழைத்துப் போனேன். அம்மாவுக்குத் தெரிந்தால் வீடு இரண்டாகிவிடும்.

"நீல வாளி எனக்குத் தெரியும்" என்றேன்.

அப்பாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "பன் எல்லாம் ஒரு சாப்பாடாடா கண்ணு? உள்ளே முழுக்கக் காத்துதானே?"

"கேக்?"

"அது... சின்னது."

"அப்பா!"

"சரி சரி. நாளையிலேர்ந்து தொட மாட்டேன். போதுமா?"

மறுநாள் கணக்கு வகுப்பில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாளி இறங்கியது. வாளி ஏறியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் பென்சில் முனை உடைந்துவிட்டது.

மறுபடி மொட்டை மாடி. "நான் வேணாம்னு கை காட்டினேன். அவங்களே வெச்சுட்டாங்க" என்றார் அப்பா.

"வாளியை ஏன் இறக்கினீங்க?"

அப்பா குனிந்து சட்டைப் பொத்தானைத் திருகினார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "நீங்க கிடங்குக்குப் போயிடுவீங்க. ஜன்னல்கூட இல்லாத இடத்துல உக்காந்திருப்பீங்க. நாங்க எல்லாரும் புல்லும் பூண்டும் தின்னது வீணாப்போகும்!"

அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தார். தலையைச் சொறிந்துகொண்டார்.

"பசியில திங்கலைடா" என்றார் மெதுவாக. "காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் மேலே நான் ஒருத்தன்தான். பேச ஆள் கிடையாது. சாப்பிடக் கீழே இறங்கினா, என் சாமான் நிக்குது, உன் சாமான் நிக்குதுன்னு மூணு பேரும் கத்துவாங்க. அதனால இறங்கறதே இல்ல. வாளி மேலே வந்தா, கீழேர்ந்து யாரோ நம்மள நினைச்சிருக்காங்கன்னு ஒரு சந்தோஷம். திருப்பி அனுப்ப மனசு வரமாட்டேங்குது."

என் கோபத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. மீதிப் பாதியை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. அப்பாவைத் திட்டிப் பிரயோஜனமில்லை என்பது மட்டும் தெரிந்தது.

அடுத்த நாள் இடைவேளையில் பள்ளித் தண்ணீர்க் குழாய் அருகே நின்றிருந்தேன். எங்கள் பள்ளியில் ஒரே ஒரு குழாயில்தான் ஒழுங்காகத் தண்ணீர் வரும். போன வருடம்வரை அங்கே தினமும் சண்டைதான். குழாயைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரிய அண்ணன் நிற்பான். அவனுக்குப் பிஸ்கட் கொடுத்தவர்களுக்கு முதலில் தண்ணீர். பிறகு எல்லோரும் பாட்டிலை வரிசையாகத் தரையில் வைக்க ஆரம்பித்தோம். யார் பாட்டில் முன்னால் இருக்கிறதோ அவருக்குத் தண்ணீர். அன்றோடு அவனுக்குப் பிஸ்கட் வருவதும் நின்றுபோனது.

நான் என் பாட்டிலைப் பார்த்தேன். எதிரே கிரேனைப் பார்த்தேன். வாளி ஏறிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் விசில் அண்ணனிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். "சாமான் தூக்கணும்னா வரிசை வைங்கண்ணா! யார் முதல்ல வந்தாங்களோ அவங்க சாமான் முதல்ல. அப்புறம் யாரு பன் குடுப்பாங்க?"

"யார் முதல்ல வந்தாங்கன்னு யாரு பாக்கறது? அதுக்கும் சண்டை வரும்."

"ஆளுங்க நிக்க வேணாம். ஹெல்மெட்டை வரிசையா வெச்சுடுங்க."

"நல்லாச் சொன்னே போ! ஹெல்மெட்டைக் கழட்டினா, அதிகாரி என் சீட்டைக் கிழிச்சிடுவாரு."

எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு நல்ல யோசனை சொன்னால் அதில் ஓட்டை கண்டுபிடிப்பதற்கு மட்டும் பெரியவர்கள் முந்திக்கொள்கிறார்கள். "தண்ணி பாட்டில் இருக்கில்ல? அதை வைங்க!" என்று கத்தியேவிட்டேன்.

விசில் அண்ணன் வாயிலிருந்த விசிலை எடுத்தார். கொஞ்சம் யோசித்தார். "செய்யலாமே" என்றார்.

"இன்னொண்ணு அண்ணா. சாப்பாட்டு நேரத்துல கிரேனை நிறுத்திட்டு அப்பாவைக் கீழே கூப்பிடுங்க. உங்களோட உக்காந்து சாப்பிடட்டும். மேலே அவருக்குப் போரடிக்குது."

அதைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. "இத்தனை நாளா எங்களுக்கு இது தோணலையே" என்றார்.

எல்லாம் உடனே சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். முதல் நாளே தலைமைக் கொத்தனார் யாரும் பார்க்காதபோது தன் பாட்டிலை முன்னால் நகர்த்தி வைத்தார். ஐம்பது வயது ஆள்! விசில் அண்ணன் காதைப் பிளக்கிற மாதிரி ஊதியதும், சின்னப் பையன் மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு பின்னால் வைத்தாராம். இரண்டொரு நாளில் அவர்களுக்கே வரிசை பிடித்துப்போனது. வாளி அசையாமல் தொங்கியது.

மத்தியானம் அப்பா இறங்கினார். மர நிழலில் எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்து அம்மா கொடுத்த முட்டைக்கோஸைச் சாப்பிட்டார். பிறகு அந்த உயரமான ஏணியில் இன்னொரு தடவை ஏறினார். தினமும் இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். ராத்திரி கால் வலிக்கிறது என்று முனகினார். அதோடு அவருக்கு மூக்குக்கு மேல் கோபம். சூப்பில் உப்பில்லை என்று மாமாவிடம் எரிந்து விழுந்தார். மாமாவுக்கும் பசி, அவரும் பதிலுக்குக் கத்தினார். ஒரு வாரம் முள் அசையவே இல்லை. வீட்டில் எல்லோரும் கடுகடுவென்றுதான் இருந்தோம்.

பிறகு மெல்ல அசைந்தது. நூற்று நான்கு. நூற்று இரண்டு. கெடு முடிவதற்கு முந்தின வாரம் சரியாக நூறு. அம்மாவின் நாடா இப்போது அப்பா மூச்சை விட்டாலும் நழுவவில்லை.

கடைசி நாள் சனிக்கிழமை. அம்மாவும் நானும் கட்டட அலுவலகத்துக்குப் போனோம். கொத்தனார்கள், கம்பிக்காரர்கள், தச்சர்கள் எல்லோரும் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அப்பா காலணியைக் கழற்றினார். கைக்கடிகாரத்தைக் கழற்றினார். பாக்கெட்டில் இருந்த சீப்பைக்கூட எடுத்து வெளியே வைத்தார். மெஷினில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"மூச்சைப் பிடிச்சா எடை குறையாதுங்க. விடுங்க" என்றார் அதிகாரி.

அப்பா மூச்சை விட்டார். முள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. அம்மா என் கையை இறுக்கிய இறுக்கில் விரல் நசுங்கிவிட்டது. அதிகாரி குனிந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

"தொண்ணூத்தி ஒன்பதே முக்கால்" என்றார். "மேலே போகலாம்."

ஜன்னலுக்கு வெளியே எழுந்த கூச்சலில் விசில் சத்தம்கூடக் கேட்கவில்லை. அம்மா அழுதுகொண்டே சிரித்தார். அப்பா மெஷினிலிருந்து இறங்காமலேயே என்னைத் தூக்கினார். முள் எங்கேயோ போய் நின்றது.

அப்போது கூட்டம் விலகியது. மூன்று கோஷ்டியும் சேர்ந்து, முதன்முறையாகச் சண்டை போடாமல், ஒரு பொருளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கிரீம் தடவிய, மேசை அளவுக்கு ஒரு கேக்.

"உங்க எடை குறைஞ்சதைக் கொண்டாடணும் இல்ல?" என்றார் தலைமைக் கொத்தனார்.

இவர்களை என்ன செய்வது! நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா கத்தியை வாங்கிவிட்டார். அம்மாவின் முகம் கடுத்தது. அப்பா வெட்டினார். கொத்தனார்களுக்குக் கொடுத்தார், கம்பிக்காரர்களுக்குக் கொடுத்தார், தச்சர்களுக்கும் விசில் அண்ணனுக்கும் கொடுத்தார். விதி விதிதான் என்ற அதிகாரிக்கும் ஒரு துண்டு. அம்மாவுக்கு ஒன்று. மாமாவுக்கு ஒன்றைக் காகிதத்தில் மடித்து வைத்தார். இருப்பதிலேயே பெரிய துண்டு எனக்கு.

கேக் தீர்ந்துவிட்டது. அப்பாவின் ஆள்காட்டி விரலில் மட்டும் ஒரு பெரிய கிரீம் கட்டி ஒட்டியிருந்தது. அப்பா அதைப் பார்த்தார். அம்மா அதைப் பார்த்தார். அத்தனை பேரும் அதையே பார்த்தார்கள். அப்பா விரலை மெதுவாக வாயருகே கொண்டுபோனார்.

"அப்பா!" என்றேன், வாய் நிறையக் கேக்கோடு.

அப்பா கிரீமை எடுத்து என் மூக்கில் தடவிவிட்டு, பட்டையை மாட்டிக்கொண்டு ஏணியைப் பார்த்து நடந்தார்.