நீலச் சொட்டில் கூடியவள்

"மேடம், உங்க ஓ இன்னைக்கு ஓ மாதிரி இல்லையே."

சல்லடை அதைச் சொன்னபோது காலை எட்டே கால். அந்த டெக்னீஷியனின் உண்மையான பெயரை ரத்த வங்கியில் எல்லோரும் மறந்தே போயிருந்தார்கள். அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு துகள்கூடக் கீழே இறங்காது என்பதால் சல்லடை. அவள் நீட்டிய கண்ணாடிக் குழாயை வாங்கி, டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்தாள்.

அங்கே ஒவ்வொரு நாளும் முதலில் சோதிக்கப்படுவது நோயாளியின் ரத்தம் அல்ல, சோதிக்கும் மருந்துதான். நீலச் சொட்டு ஏ வகையைக் காட்டிக்கொடுக்கும். ஏ அணுவின் மேல் மெல்லிய சர்க்கரைப் பூச்சு ஒன்று உண்டு. நீலச் சொட்டு அந்தப் பூச்சைப் பற்றிக்கொண்டு அணுவை அணுவோடு கோர்க்க, எல்லாம் திரண்டு ஒரே கட்டியாகும். ஓ அணுவில் அது இல்லை. குழாயைச் சாய்த்தால் சிவப்புப் புகைபோலக் கலைந்து எழும். மருந்து கெடாமல் இருக்கிறதா என்று பார்க்க வகை தெரிந்த ரத்தம் வேண்டும். அதை அங்கே வேலை செய்கிறவர்களே கொடுப்பது பழக்கம். வாயிற்காவலர் ஏ. சல்லடை பி. டாக்டர் பதினெட்டு வருடமாக ஓ.

அன்றும் புகை எழுந்தது. புகைக்கு நடுவே, மணல் அளவில், நான்கைந்து சிவப்புத் துணுக்குகள் கலையாமல் நின்றன.

"குழாய் சரியாக் கழுவலையோ?"

"யாரு, நானா?" சல்லடைக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். "மூணு தடவை பண்ணிட்டேன் மேடம். யாராவது ஏ குரூப்காரங்க ரத்தத்தை உங்களுக்கு ஏத்தியிருந்தாத்தான் இப்படி வரும். எனக்குத் தெரியாம ஏத்திக்கிட்டீங்களா?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். டாக்டரும் சிரித்தாள், வாயால் மட்டும். அவள் வீட்டில் இரண்டு பேர் ஏ வகை. ஒருவர் கணவர். இன்னொருத்தி ஆறு மாதங்களுக்கு முன் போய்விட்ட மகள்.

"வேற சாம்பிள் எடுங்க" என்று கையை நீட்டினாள்.

அதிலும் துணுக்குகள் இருந்தன.

"உங்க ரத்தத்தை இனி வைக்க வேண்டாம் மேடம். வேற ஓ பாத்துக்கறேன்" என்றாள் சல்லடை. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒழுங்கா சாப்பிடுங்க. பாப்பா போனதிலேருந்து நீங்க பாதியா இளைச்சுட்டீங்க" என்றாள்.

அதன் பிறகு டாக்டர் அந்தச் சோதனையைத் தனியாகச் செய்தாள். வாரம் ஒரு நாள், மதியம், எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, ஆராய்ச்சி அறையின் கதவைச் சாத்திக்கொண்டு. அது நீண்ட, குறுகிய அறை. ஸ்பிரிட் வாடையும் குளிர்பெட்டியின் உலோக வாடையும் கலந்திருக்கும். மூலையில், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களின் பைகளை ஆட்டும் இயந்திரம் இருந்தது. தட்டணுக்கள் தொட்டில் குழந்தைகள் மாதிரி. ஆட்டுவது நின்றால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். அதனால் அந்தத் தட்டு இரவும் பகலும் முன்னும் பின்னும் போய்வந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் கிறீச் என்று ஒரு சின்னச் சத்தம் எழுப்பும். கதவின் கண்ணாடியில் இன்னும் ஒரு ஸ்டிக்கரின் பிசுக்கு மிச்சமிருந்தது. பள்ளி விட்டதும் மகள் நேராக அங்கேதான் வருவாள். கதவில் இரண்டு தட்டு வேகமாக, ஒரு இடைவெளி, பிறகு ஒரு தட்டு. வீட்டிலும் அதே தட்டல்தான்.

"யாரு?" என்று கேட்டால், "உங்க வாரிசு, வேற யாரு!" என்பாள். இருபத்திரண்டு வயதிலும் அதையேதான் சொன்னாள்.

இரண்டாவது வாரம் துணுக்குகள் எள்ளளவு. நான்காவது வாரம் பாதி புகை, பாதி கட்டி.

டாக்டரின் வாழ்நாள் ஆராய்ச்சியே இதைப் பற்றியதுதான். ஒருவர் ரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றினால், கொடுத்தவரின் வெள்ளை அணுக்கள் பெற்றவருக்குள் எத்தனை நாள் உயிரோடிருக்கும்? பெரும்பாலும் சில நாள்தான். உடல் அந்நியரை அடையாளம் கண்டு அழித்துவிடும். ஆனால் நெருங்கிய உறவினரின் ரத்தம் அப்படியல்ல. தாயின் அணு மகளுக்குள் போனால், மகளின் உடல் அதில் தன் ஜாடையைப் பார்த்துக் கதவைத் திறந்துவிடலாம். உள்ளே போன அணுவோ மகளிடம் தகப்பனின் பாதியைப் பார்க்கும். இது அந்நியம் என்று அழிக்கத் தொடங்கும். தோலை, குடலை, ஈரலை, கடைசியில் எலும்பு மஜ்ஜையை. அதைத் தடுக்கத்தான் உறவினரின் ரத்தத்துக்குக் கதிர் காட்டுவது. கதிர் பட்டால் வெள்ளை அணு பெருக முடியாது. அவ்வளவு எளிய விஷயம். 'உறவினர் ரத்தமா? கதிர் காட்டாமல் அனுப்பாதே' என்று சுவரில் ஒட்டியிருந்ததும் அவள் கையெழுத்துதான்.

பேருந்து கவிழ்ந்த அன்று குளிர்பெட்டி காலியாகியிருந்தது. அடிபட்டவர்களில் கடைசியாக வந்தவள் மகள். மண்ணீரல் கிழிந்திருந்தது. டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்து, ஒரு பை ரத்தம் கொடுத்தாள். கதிர் இயந்திரம் அடுத்த அறையில்தான் இருந்தது. ஆறு நிமிடம் ஆகும். அறுவை அரங்கிலிருந்து தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். அது வெதுவெதுப்பாக இருந்தது.

மகள் பிழைத்தாள். ஒன்பதாம் நாள் காய்ச்சல். பதினோராம் நாள் உள்ளங்கைகளில் சிவப்புப் புள்ளிகள். இருபத்து மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. மஜ்ஜையைச் சோதித்தவளும் டாக்டர்தான். மகளின் எலும்புக்குள் மகள் இல்லை. எல்லாம் தாயின் அணுக்கள். அறிக்கையில் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

கணவரிடமும் அதையேதான் சொன்னாள்.

ஆறாவது வாரம், கடுங்குளிர்ப் பெட்டியிலிருந்து மகளின் சாம்பிளை எடுத்தாள். விபத்தன்று, ரத்தம் ஏற்றுவதற்கு முன் எடுத்த குழாய். மேலே உறைபனி பூத்திருந்தது. அதையும் தன் ரத்தத்தையும் மரபணு அடையாளப் பரிசோதனைக்குப் போட்டாள். வயிற்றில் இருக்கும்போது குழந்தையின் அணுக்கள் சில தாயின் ரத்தத்துக்கு வந்துவிடும், பல வருடங்கள் அங்கேயே தங்கியும் விடும் என்பது அவளுக்குத் தெரியும். லட்சத்தில் ஒன்று. எண்ணவே முடியாத அளவு.

அவள் ரத்தத்தில் மகளின் அணுக்கள் நூற்றுக்கு எழுபத்தெட்டு என்று வந்தது.

அவள் அந்த எண்ணை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பயம் வரவில்லை. நெஞ்சுக்குள் எதுவோ உடைந்து, மூக்கில் நீர் வழிந்தது. "வந்துட்டியா கண்ணு" என்றாள், தனக்கே கேட்காத குரலில்.

அவள் சீரத்தில், ரத்தத்தின் தெளிநீரில், ஏ அணுக்களைக் கொல்லும் எதிர்ப்பொருள் இருக்க வேண்டும். ஓ வகையினர் எல்லோருக்கும் இருக்கும். சோதித்தாள். இல்லை. அவள் உடல் கதவைத் திறந்துவிட்டிருந்தது.

அன்றுதான் ஆட்டும் இயந்திரத்தின் சத்தம் மாறியது. கிறீச், கிறீச். இடைவெளி. கிறீச். பெல்ட் தளர்ந்திருக்கும் என்று நினைத்தாள். எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்த்தாள். நடைவழியில் யாரும் இல்லை. திரும்பி வந்து சுவிட்சை அணைத்தாள். தட்டு நின்றது.

சத்தம் நிற்கவில்லை.

காதை மூடினாள். இப்போது இன்னும் தெளிவாகக் கேட்டது. உள்ளேயிருந்து.

இதயம் சில சமயம் இப்படித் துடிக்கும். அதற்கு மருத்துவத்தில் பெயர் உண்டு. மாத்திரை உண்டு. அவள் இயந்திரத்தை மறுபடி போட்டாள். தட்டணுக்கள் சாகக் கூடாது.

எட்டாவது வாரம் குழாயில் புகையே இல்லை. ஒரே கட்டி. சாய்த்தாள், உருட்டினாள். கலையவில்லை. நீலத்துக்கு நடுவே, சிவப்பாக, முழுசாக.

ஞாயிற்றுக்கிழமை காலை உள்ளங்கை அரித்தது.

சமையலறை மேஜையில் வெயில் விழுந்திருந்தது. கணவர் இரண்டு கப் தேநீரோடு வந்து எதிரே உட்கார்ந்தார். அவர் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். ஓடி முடித்த பிள்ளைகளின் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணுவது அவருக்குக் கைப்பழக்கம். யார் கை கிடைத்தாலும் இரண்டு விரல் தானாகப் போய் உட்காரும்.

"டாக்டரே, ஆறிடும், குடி." கப்பை நகர்த்தியவர் நிறுத்தினார். "கையைக் காட்டு."

"ஒண்ணும் இல்லீங்க."

"காட்டுன்றேன்ல."

அவள் விரித்தாள். சிவப்புப் புள்ளிகள். விரல் இடுக்கிலிருந்து மணிக்கட்டு வரை.

"என்னம்மா இது..." அவர் அதை வெயில் பக்கம் திருப்பினார். "பாப்பாவுக்கு வந்த மாதிரியே இருக்கு."

"ஆமா."

"எத்தனை நாளா? யார்கிட்டயாவது காட்டினியா?" அவர் அவள் கையை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார். "உன்னையும் விட்டுட்டு நான் என்ன பண்ணுவேன்? உன் ரத்தம்தானே அவளை அன்னைக்குக் காப்பாத்துச்சு. அந்த இருபத்து மூணு நாளும் நீ குடுத்தது. அதை நினைச்சுத்தான் நான் தூங்கறேன் தெரியுமா?"

எட்டு மாதமாக அவர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். உறவினர்களிடம், பள்ளியில், அவள் அழும்போதெல்லாம். ஒவ்வொரு முறையும் அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"அந்த ரத்தம்தாங்க அவளைக் கொன்னுச்சு" என்றாள்.

அவர் புரியாமல் பார்த்தார்.

சொன்னாள். பையை. அடுத்த அறையை. ஆறு நிமிடத்தை. அறிக்கையில் எழுதிய இரண்டு சொற்களை. பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்தி, எதுவும் விட்டுப்போகாமல். பிறகு குழாய்களைச் சொன்னாள். மணல், எள், பாதி, முழுசு.

"இப்ப எனக்குள்ள அவதான் இருக்கா. அவளுக்குள்ள என்னோடது என்ன பண்ணுச்சோ, அதையேதான் பண்றா. மருந்து குடுத்தா அவ செத்துடுவா. இன்னொரு தடவை என்னால முடியாதுங்க."

தேநீரில் ஆடை படிந்திருந்தது. அவர் அவள் கையை விடவும் இல்லை, இறுக்கவும் இல்லை. இரண்டு விரல் மட்டும், பழக்கத்தில், மணிக்கட்டுக்கு நகர்ந்திருந்தன.

சட்டென்று தலையை நிமிர்த்தி வாசல் பக்கம் பார்த்தார்.

எட்டு மாதமாகக் கேட்காத ஒன்றைக் கேட்டவரின் முகம். நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

வாசலில் யாரும் இல்லை. கதவு திறந்தேதான் இருந்தது.

மெல்லக் குனிந்தார். தன் விரல்களுக்கு அடியில் இருப்பதைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது கோபமா, வேறெதுவா, அவளுக்குத் தெரியவில்லை. அவர் அவளைப் பார்க்கவே இல்லை. அந்த மணிக்கட்டை மட்டும்.

"யாரு?" என்று கேட்டார். அதனிடம்.

நாடி நின்றது.

அவள் மூச்சு விடவில்லை. வெயில் அசையவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

பிறகு சிவந்த தோல் அவர் விரலை மேலே தள்ளியது. இரண்டு தட்டு, வேகமாக. ஒரு இடைவெளி.

ஒரு தட்டு.