கூடப் பாடினவள்

ஆம்பூரில் துரைசாமி வீட்டு வாசலில் நத்தானியேல் வேனை நிறுத்தியபோது நல்ல மதிய வெயில். பழைய ஸ்டீரியோ செட் ஒன்று விலைக்கு இருப்பதாக ஃபேக்டரி தோஸ்த் ரஃபி அகமது சொல்லியிருந்தார். வால்வு ஆம்ப்ளிஃபையர், ரெக்கார்ட் பிளேயர், இடுப்பு உயரத்துக்கு இரண்டு தேக்கு ஸ்பீக்கர் பெட்டிகள். சத்துவாச்சாரியில் புதிதாகக் கட்டிய வீட்டு ஹாலில் இப்படியொரு செட்டை வைத்துப் பாட்டுக் கேட்கவேண்டும் என்பது அவனுடைய வெகுநாள் ஆசை.

துரைசாமி தோல் ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். தனிக்கட்டை. பெண்சாதி அமிர்தவள்ளி ரொம்ப காலத்துக்கு முன்பே எவனோடோ ஓடிப்போய்விட்டாள் என்று தெருவே சொல்லும். தெருவுக்கு அப்படிச் சொன்னவர் அவர்தான்.

பழைய சாமான் வாங்கப் போகிறவன் முதலில் ஓட்டிக் காட்டச் சொல்வான். அதுதான் புத்தி. நத்தானியேலுக்கோ விரல்தான் கண், காது எல்லாம். ஷூ கம்பெனிக்குத் தோலைத் தொட்டுத் தரம் பிரிக்கிறவன். எந்தப் பொருளைக் கண்டாலும் அதில் தோல் இருக்கும் இடத்துக்குத்தான் கை ஓடும். ஸ்பீக்கரின் துணி மூடியைக் கழற்றினான். கூம்பைச் சுற்றி இருக்கும் பஞ்சு வளையம் நாள்பட்டால் உதிர்ந்துவிடும். இங்கே அதற்குப் பதிலாக மெல்லிய தோலை வெட்டி ஒட்டியிருந்தார்கள். தடவினான். அவ்வளவு மிருது.

ஆட்டுக்குட்டித் தோலா என்று கேட்டான். நானே பதம் பண்ணிப் போட்டது என்றார் துரைசாமி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. அந்தத் தோலிலேயே நம்ம ஆள் சொக்கிப்போனான். ஒரு பாட்டுக்கூட போட்டுப் பார்க்காமல் வேனில் ஏற்றினான். வண்டி கிளம்பும்வரைகூட அந்த மனுஷன் வாசலில் நிற்கவில்லை. கதவைச் சாத்தி உள்ளே தாழ்போடும் சத்தம் கேட்டது.

சத்துவாச்சாரி வீட்டில் முதல் ரெக்கார்டு சுற்றியபோது ஹாலே நிறைந்துபோனது. நத்தானியேலின் மனைவி கரோலின் பள்ளிக்கூட டீச்சர், சர்ச்சில் பாடுகிறவள். சோபாவில் சாய்ந்துகொண்டு அவளும் கூடவே பாடினாள்.

மறுநாள் அவள் தொண்டை கம்மியது. பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று மிளகுப்பால் குடித்தாள். தினமும் பாட்டு ஓடியது, தினமும் குரல் இன்னும் கொஞ்சம் தேய்ந்தது. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டுத் தொண்டை சுத்தமாக இருக்கிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவள் வாய் அசைந்தது, காற்றுதான் வந்தது. குரல் போன டீச்சரைப் பள்ளிக்கூடம் எத்தனை நாள் வைத்துக்கொள்ளும்? அதைவிட, அவள் திட்டாத, சிரிக்காத வீட்டில் நத்தானியேலால் இருக்க முடியவில்லை. அவனுக்குப் பயமாக இருந்தது.

அன்று சாயங்காலம் இருவரும் ஹாலில் இருந்தார்கள். செட் ஓடவில்லை. அதன் மேலேயே சந்தேகம் வந்து பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தார்கள்.

முதலில் நாற்றம் வந்தது. பச்சைத் தோலை ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டியின் நாற்றம். ஃபேக்டரியில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற அந்த இடம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"துரைசாமி."

சொன்னது ஸ்பீக்கர்.

குரல் கரோலினுடையது.

கரோலின் எதிரே உட்கார்ந்திருந்தாள். அவள் வாய் மூடியிருந்தது. விற்றவர் பேரை அவளிடம் அவன் சொன்னதே இல்லை.

நத்தானியேல் பையிலிருந்து தோல் பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்து, துணி மூடியைக் கழற்றினான். ஆட்டுத் தோல் என்றால் மயிர்க்கால் துளைகள் வரிசை கட்டி நிற்கும். மாட்டுத் தோலில் நெருக்கமாக, ஒரே சீராக இருக்கும். இது எதுவுமாக இல்லை. கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போனான். ஒரு ஓரத்தில் வட்டமாக ஒரு தழும்பு, உள்ளே புள்ளி புள்ளியாகக் குழி.

அம்மை குத்தின தழும்பு. அவன் அம்மாவின் மேல்கையிலும் ஒன்று இருந்தது.

இத்தனை நாள் ஆசையாகத் தடவிய விரல்களை ஓடிப்போய்க் கழுவினான். கழுவிக்கொண்டே இருந்தான்.

"அவன்கிட்ட கொண்டுபோ," என்றது கரோலினின் குரல், ஹாலிலிருந்து.

அவன் ஈரக் கையோடு வந்து நின்றான். "கொண்டுபோனா இவ குரலைக் குடுத்துருவியா?"

கரோலின் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சத்தமே இல்லாமல். போலீசுக்குப் போகலாம் என்று ஒரு கணம் நினைத்தான். ஆனால் அவள் குரல் போலீஸ் கையில் இல்லை. பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

துரைசாமி கதவைத் திறந்தார். பெட்டிகளைக் கண்டதும் முகத்தில் ரத்தமில்லை. வித்தது வித்ததுதான், திருப்பி எடுக்க மாட்டேன் என்று கத்தினார். காசு ஒன்றும் வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, அவரைத் தள்ளிக்கொண்டே நத்தானியேல் இரண்டையும் ஹாலில் இறக்கினான். ஒயர்கள் தரையில் கிடந்தன.

"துரைசாமி."

கிழவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நிறுத்துடா அத்த."

"கனெக்‌ஷனே குடுக்கல சார்."

அவர் மறுபடி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. இரண்டு கையாலும் தொண்டையைத் தடவினார்.

நத்தானியேலின் போன் அடித்தது.

"பேச்சு வந்துருச்சுப்பா," என்றாள் கரோலின். அழுதாள், சிரித்தாள், எங்கே இருக்கிறாய், சீக்கிரம் வா என்றாள். அவன் போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு கிழவரைப் பார்த்தான். கொஞ்சம்கூட இரக்கம் வரவில்லை.

அப்போது ஸ்பீக்கர் பேசியது. இந்த முறை துரைசாமியின் குரலில், தெருக்கோடிவரை கேட்கிற சத்தத்தில்.

"நான்தான் கொன்னேன். நான் ரெக்கார்டு போட்டா கூடவே பாடுவா. பாடாதன்னு சொன்னேன், கேக்கல. கழுத்தைப் புடிச்சேன். பாடணும்னுதானே ஆசப்பட்டே, இதுல இருந்து பாடுன்னு, அவ தோலைத்தான் இதுல போட்டேன்."

பக்கத்து வீட்டு முனியம்மா தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். பின்னாலேயே தெரு வந்தது. எல்லாரும் வாசலிலேயே நின்றார்கள், ஒருவரும் உள்ளே வரவில்லை. துரைசாமி காதைப் பொத்திக்கொண்டு இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். சொல்ல அவரிடம் குரல் இல்லை.

பேச்சு நின்றது.

பிறகு அடுத்த பெட்டியிலிருந்து ஒரு பெண் பேசினாள். கரோலினின் குரல் இல்லை. நத்தானியேல் இதுவரை கேட்டிராத, கனமான, நன்றாகப் பாடக்கூடிய குரல். முனியம்மா மட்டும் அதைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மறுபடி சொல்லு."

துரைசாமியின் குரல் முதலிலிருந்து ஆரம்பித்தது.