கழித்தபின் மிஞ்சியது

மழையைக் கழித்து, தவளைச் சத்தத்தைக் கழித்து, காற்றையும் வண்டி இரைச்சலையும் கழித்து, கடைசியாக மனிதக் குரலையும் கழிக்கச் சொல்லி எழுதிய பிறகு, எதுவுமே மிஞ்சியிருக்கக் கூடாத அந்த ஒலித்துண்டில் றம்ஸியின் குரல் மிஞ்சியிருந்தது.

றுஸைனா ஹெட்போனைக் கழற்றி, காதோரத்து வியர்வையைத் துடைத்துவிட்டு, மறுபடி மாட்டினாள். அதே குரல்தான். கல்யாணமான நாளிலிருந்து பக்கத்தில் கேட்டுவரும் குரல்.

"வந்துக்கிட்டு இரிக்கேன்" என்றது. கொஞ்சம் நின்றது. "வந்துக்கிட்டு இரிக்கேன்." இந்த முறை கடைசிச் சொல் சற்று நீண்டது. ஓதப்பள்ளியில் பிள்ளைகள் ஒரு சொல் நாக்குக்குப் படியும்வரை திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்ப்பதைப் போல இருந்தது.

அலுவிகாரையில் பிற்பகலிலேயே இருட்டிவிட்டது. ஒக்டோபர் மழை கூரைத் தகட்டில் ஒரே சீராக இறங்க, ஏ-ஒன்பது வீதியில் லொறிகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் சத்தம் எழுந்து எழுந்து அடங்கியது. மேல்மாடி அறைக்குள் கட்டியிருந்த கயிற்றில் காயாத துணிகளின் புழுங்கல் வாடையும், பக்கத்துத் தோட்டத்தில் அவசரமாகப் படங்கு போட்டு மூடிய கறுவாப்பட்டையின் நெடியும் கலந்து கிடந்தன. கீழே அம்றா தனக்குத்தானே பாடிக்கொண்டு விளையாடினாள். நாலு வயது மகள். பாட்டு முழுக்க உம்மாவும் வாப்பாவும்தான்.

வில்கமுவ வயல்களுக்குள் யானை இறங்குவதை முன்கூட்டியே அறிவதற்காக ஒரு சின்னக் கம்பனி எடுத்திருந்த வேலை அது. யானை வேலித் தூண்களில் ஆங்காங்கே பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு மைக், உள்ளங்கை அளவு கணினி, ஒரு பேட்டரி. ஒவ்வொரு கணினிக்குள்ளும் ஓயாமல் ஓடும் ஒரு நிரல். கம்பனிக்காரர்கள் அதை வேர்க்கர் என்பார்கள். றுஸைனாவும் றம்ஸியும் வீட்டில் வேலையாள் என்றே பேசிக்கொள்வார்கள். அந்த வேலையாட்கள் செய்ய வேண்டியது இன்னதென்று வரையறுத்து எழுதியவள் அவள். கேட்பதைச் சிறு துண்டாக வெட்டு. தெரிந்த சத்தத்தையெல்லாம் கழி. எதைக் கழித்தாய் என்று குறித்து, மிஞ்சியதை எனக்கு அனுப்பு. ஒரு பெட்டியில் இருப்பவனுக்கு இன்னொரு பெட்டியில் இருப்பவன் கேட்பது தெரியாது. எல்லாத் துண்டும் அவளிடம் வந்து சேரும். மிஞ்சியது யானையின் அடிவயிற்று உறுமல் என்றால் ஊருக்கு எச்சரிக்கை போகும்.

மனிதக் குரலைக் கழிக்கும் வரியை ஊர்க்காரர்களுக்காகச் சேர்த்தாள். வீட்டில் பேசுவதை ஒட்டுக்கேட்கும் பெட்டியா இது என்று அங்கே ஒரு பெண் சிங்களத்தில் சண்டைக்கு வர, மனிதர் பேசுவது எங்களுக்கு வந்து சேராது என்று றம்ஸி வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தான்.

அவன்தான் பெட்டிகளைப் பார்த்துக்கொள்பவன். குளக்கட்டில் இருந்த பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டதென்று காலையில் மோட்டார் சைக்கிளில் போனான். அங்கே புதுப்பெட்டி ஒன்றை மாட்டியாயிற்று. பழையது இப்போது அவன் முதுகுப் பையில் இருக்க வேண்டும். பேட்டரியைக் கழற்ற மறந்திருப்பான். அதற்குள் இருந்த வேலையாள்தான் இந்தத் துண்டை அனுப்பியிருந்தான்.

தண்ணீர் பட்டு ஏதோ கெட்டுவிட்டது என்று நினைத்தாள். பரிசோதனைக்காக வீட்டுவாசல் நிலையில் ஒரு பெட்டி பல மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் துண்டைத் திறந்து கேட்டாள். அம்றாவின் பாட்டு இல்லை. மழை இல்லை. சுத்தமான அமைதி. பேக்கரியில் பாண் வாங்கட்டுமா என்று கேட்டு றம்ஸி எப்போதோ அனுப்பிய குரல்பதிவை அதே வேலையாளுக்குக் கொடுத்தாள். வேலையாள் அதையும் முழுதாகக் கழித்து வெறுமையைத் திருப்பி அனுப்பினான்.

ஆக, அவனுக்கு றம்ஸியின் குரல் மனிதக் குரல்தான். பையில் இருக்கும் பெட்டிக்கும் இவள் எழுதிக் கொடுத்த வேலை அதேதான். எழுத்து பிசகாமல் ஒப்பிட்டுப் பார்த்தாள்.

றம்ஸிக்கு அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. குளக்கட்டுக்குக் கிட்டக் கடை வைத்திருக்கும், நானா என்று அண்ணன் முறையில் அவள் கூப்பிடும் பதுர்தீனை அழைத்தாள்.

"அவரு பகலுக்கே போய்ட்டாரே தங்கச்சி" என்றார் பதுர்தீன். "நான் கண்ணால கண்டேன்."

"பேசினாரா நானா?"

"சலாம் சொன்னேன். திரும்பிப் பாக்கல்ல. மழைக்குள்ள வெளங்கல்லயாக்கும்."

அடுத்த துண்டு வந்து நின்றது. கேட்க வேண்டாம் என்று மனம் சொன்னது. கேட்டாள்.

"றுசனா" என்றது றம்ஸியின் குரல். "றுசைனா." ஈரமான இடைவெளி. "றுஸைனா."

கழித்தவற்றின் குறிப்பைத் திறந்தாள். மழை. காற்று. அவ்வளவுதான். முந்திய துண்டிலும் அப்படியே. எஞ்சின் சத்தம் எதிலும் கழிக்கப்படவில்லை, ஏனென்றால் எஞ்சின் சத்தமே இருக்கவில்லை. ஆனால் வரைபடத்தில் அந்தப் பெட்டியின் புள்ளி றிவஸ்டன் மலை வளைவுகளைக் கடந்து, ரத்தோட்டைப் பக்கமாக, ஒரு வாகனம் வரும் வேகத்தில் இறங்கி வந்துகொண்டிருந்தது.

கைபேசி அதிர்ந்தது. றம்ஸியின் பெயர்.

"வந்துக்கிட்டு இரிக்கேன், றுஸைனா" என்றது குரல். ஒரு குறையும் இல்லை இப்போது. "கதவத் தொறந்து வை."

"எங்க நிக்கிறீங்க? ஏன் போன எடுக்கல்ல?"

"வந்துக்கிட்டு இரிக்கேன்."

"சரி, இப்ப எந்த இடம்?"

"கதவத் தொறந்து வை."

துண்டித்துவிட்டது.

அவள் எழுந்து நின்றாள். உட்கார்ந்தாள். களைத்துப்போய் வருபவனைப் பற்றி என்ன நினைக்கிறோம் என்று வெட்கமாகவும் இருந்தது. மலையில் சிக்னல் விட்டுவிட்டு வரும், பெட்டி நனைந்திருக்கிறது, எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். கீழே போய்க் கதவைத் தாழ்ப்பாள் போடலாமா என்று யோசித்தவள், தாழ்ப்பாள் போடுவதற்கு என்ன காரணம் சொல்வது என்று தெரியாமல் நின்றாள். பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு மழைக்குள் மங்கலாக எழுந்து முடிந்தது.

கதவு தட்டப்பட்டது.

"வாப்பா!" அம்றாவின் கால்கள் ஓடின.

"மகள், நில்லு! தொறக்காத!"

கதவு திறந்த சத்தம். மழை ஒருகணம் வீட்டுக்குள் பெரிதாகக் கேட்டு அடங்கியது.

றுஸைனா படிக்கட்டின் உச்சிக்கு ஓடினாள். அங்கிருந்து முன்கூடத்தில் நிற்பவரின் இடுப்புக்குக் கீழேதான் தெரியும். றம்ஸியின் சாம்பல் காற்சட்டை. செருப்பில்லாத பாதங்கள். கையில் தொங்கிய பை. குளத்துச் சேற்றின் வாடை படியேறி வந்தது.

"பைக் எங்க?"

"செயின் அறுந்திட்டு. ரத்தோட்டையில விட்டுட்டு பஸ்ல வந்தேன்."

"செருப்பு?"

"அதுவும் அறுந்திட்டு." அம்றாவை நோக்கி அந்த இடுப்பு வளைந்தது. "வா மகள். வாப்பாக்கிட்ட வா."

"ஒரு மெயில் அனுப்பிட்டு வாறேன்" என்று எப்படியோ சொல்லிவிட்டு அறைக்குத் திரும்பினாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். வாசல் நிலையில் இருந்த பெட்டியின் புதுத்துண்டு வந்திருந்தது.

அம்றாவின் கூச்சல் அதில் இல்லை. றுஸைனாவின் கேள்விகள் இல்லை. அவை இருந்த இடத்தில் சுத்தமான அமைதி. அந்த அமைதிகளுக்கு நடுவே, தெளிவாக, ஒன்றன்பின் ஒன்றாக:

"செயின் அறுந்திட்டு. ரத்தோட்டையில விட்டுட்டு பஸ்ல வந்தேன்."

"அதுவும் அறுந்திட்டு."

"வா மகள். வாப்பாக்கிட்ட வா."

அப்படியானால் றம்ஸி எங்கே? மனிதக் குரலைக் கழிக்கச் சொல்லி எழுதி வைத்தவள் அவள். பகல் முழுக்க அவன் கத்தியிருந்தால்? குளக்கட்டில் அவனே மாட்டிய புதுப்பெட்டியின் வேலையாளைத் திறந்தாள். அந்த ஒரு வரியை மட்டும் அழித்தாள். புதிய வரையறையை அனுப்பிவிட்டு, விரலைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

துண்டு வந்தது.

தண்ணீர் வழியும் ஓசைக்கு அடியில், மிகக் கிட்டத்தில், ஒரு மனிதனின் இழுப்பு மூச்சு. பிறகு, கத்திக் கத்தித் தேய்ந்துபோன குரல்:

"ஆரும் இல்லயா... கால் ஏலாது... பெட்டிக்குக் கேக்குதா... றுஸைனா..."

வாயைக் கையால் பொத்திக்கொண்டு பதுர்தீனுக்கு அழைத்தாள். சத்தம் வெளியே போகாமல், மூச்சிலேயே பேசினாள். "கட்டுக்குக் கீழ. புதுப்பெட்டி மாட்டின தூணுக்குப் பக்கத்துல. அவருதான் நானா. ஓடுங்க."

"அவருதான் போனாரே தங்கச்சி, நான் கண்..."

"ஓடுங்க!"

துண்டுகள் வந்தபடி இருந்தன. தண்ணீரோசை. மூச்சு. மூச்சு. பிறகு சேற்றில் ஓடிவரும் கால்கள், தூரத்தில் பதுர்தீனின் அலறல்: "யா அல்லாஹ்! றம்ஸி! தம்பி, கண்ணத் தொறங்க! இஞ்ச ஆளுங்க வாங்க!"

உயிரோடு இருக்கிறான். கண்ணீர் தாடையில் வழிந்து விசைப்பலகையில் விழுந்தது.

ஹெட்போனைக் கழற்றியபோதுதான் உறைத்தது. கீழே ஒரு சத்தமும் இல்லை. பாட்டு இல்லை. ஓட்டம் இல்லை.

"அம்றா! மேல வா மகள். இப்பவே வா!"

ஒன்றுமில்லை.

பிறகு படியில் சின்னக் கால்கள். மெதுவாக. ஒவ்வொரு படியாக.

பிள்ளை அறை வாசலில் தெரிந்ததும் இழுத்து அணைத்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். நாற்காலியில் விழுந்து மடியில் இருத்திக்கொண்டாள். பொலிஸுக்கு அழைக்க வேண்டும். பக்கத்து வீட்டு ஸஹ்னாவைக் கூப்பிட வேண்டும். அவசரத்தில் கைபேசி நழுவி மேசைக்கடியில் போய்விட்டது. அம்றாவின் தலை நனைந்திருந்தது.

"வாப்பா தூக்கினாரு" என்றது பிள்ளை.

"சத்தம் போடாத மகள்."

திரையில் வாசல் பெட்டியின் புதுத்துண்டு. வெளியே படியில் அது ஏறி வருகிறதா, கீழேயே நிற்கிறதா. தெரிய வேண்டும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அழுத்தினாள்.

"சொல்லு" என்றது றம்ஸியின் குரல்.

"உமா" என்றது ஒரு சின்னக் குரல்.

"இல்ல. சொல்லு."

"உம்ம."

"சொல்லு."

"உம்மா."

கழிக்கப்படவில்லை. அம்றாவின் குரல். ஒரு எழுத்தும் கழிக்கப்படவில்லை.

றுஸைனா குனிந்து பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. தொடையில் ஈரம் பரவியது. குளத்துச் சேற்றின் வாடை. கண்கள் தாமாக ஜன்னலுக்குப் போயின.

கீழே முற்றத்தில், கொட்டும் மழையில், மஞ்சள் சட்டை உடம்போடு ஒட்டிக்கிடக்க, அம்றா நின்றுகொண்டிருந்தாள். அண்ணாந்து மேல்மாடியைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். ஹெட்போன் காதை அடைத்திருந்ததால் அழுகை கேட்கவில்லை. வாய் திறந்து மூடுவது மட்டும் தெரிந்தது. அவளுக்குப் பின்னால், சாம்பல் காற்சட்டை அணிந்த ஒருவன் பொறுமையாக அவளை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தான்.

மடியில் இருந்தது இரண்டு கைகளாலும் றுஸைனாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது.