ஐந்து மணிக்கு வாள் சண்டை

செம்பாலை நகரத்தில் மாலை ஐந்து மணிக்குச் சங்கு ஊதியதும், நாலாயிரம் பேரும் அவரவர் வீட்டுச் சினக்கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் யாரையாவது வெட்டியாக வேண்டும். அது சட்டம். செவ்வாய்க் கோளில் பல் துலக்குவதைப்போல அதுவும் ஓர் அன்றாடக் கடமை.

காரணம் இருக்கிறது. நகரம் முழுவதற்கும் கூரை ஒரே ஒரு கண்ணாடிக் கவிகை. இருபது ஆண்டுகளுக்கு முன்னால் ஒருவன், தன் டிபன் பாக்ஸை எவனோ மாற்றி எடுத்துப்போன ஆத்திரத்தில் காற்றுக்குழாயை எட்டி உதைத்தான். பதினோரு பேர் மூச்சுத் திணறிச் செத்தார்கள். கோடிக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்த மனிதன் டிபன் பாக்ஸ் சண்டையையும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தான், வெட்கங்கெட்டவன்.

அன்றிலிருந்து எல்லோர் மணிக்கட்டிலும் தோலுக்கடியில் ஒரு சினமானி. அது காட்டும் எண் தொடர்ந்து மூன்று நாள் அறுபதைத் தாண்டினால் ஆறு மாதம் குளிர்த்துயில். வீட்டில் குரல் உயர்ந்தாலும் எண் ஏறும் என்பதால் செம்பாலையில் கணவன் மனைவி சண்டையே கிடையாது. எப்போதும் விருந்தாளி வந்திருப்பதுபோன்ற மரியாதைதான்.

பனிக்கட்டி அறுக்கும் எந்திரம் ஓட்டும் தணிகைவேலுக்கு அன்று மூன்றாம் நாள். எண் எண்பத்திரண்டு. மனைவி பூங்கோதைக்கு எட்டாம் மாதம். இன்று ஏழு மணிக்குள் எண் இறங்காவிட்டால் அவனைத் தூங்க வைத்துவிடுவார்கள். பிள்ளை பிறந்து, முகம் பார்த்துச் சிரித்து, குப்புற விழத் தொடங்கிய பிறகுதான் கண் விழிப்பான்.

"பதட்டப்படாம நல்ல ஆட்டமா ஒண்ணு பாத்து எடுங்க," என்று சொல்லிவிட்டுப் பூங்கோதை சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த தன் கூடத்துக்குள் போனாள்.

"சரிம்மா," என்றான். சிரித்த முகத்துக்குள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

நல்ல ஆட்டம்! அந்தப் பாழாய்ப்போன ஒன்றுதானே கிடைக்கவில்லை. கூடத்துத் திரையின் பட்டியலில் ஒன்பதாயிரம் மாயாஜால ஆட்டங்கள் இருந்தன. முதலாவதில் ஓர் அரக்கனை ஓங்கி வெட்டினான். கைக்கு ஓர் அதிர்வு இல்லை, அரக்கன் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. இரண்டாவதில் வாள் கனமாக இருந்தது, ஆனால் நெருப்பு மந்திரம் ஊதுவத்திபோலப் புகைந்து அணைந்தது. அடுத்ததில் நான்கு பூதங்கள் சூழ்ந்துகொண்டன. ஒன்று அடிவாங்கி முடிக்கும்வரை மற்ற மூன்றும் ரேஷன் கடை வரிசையில் நிற்பதுபோலப் பொறுமையாகக் காத்திருந்தன. அதற்கடுத்ததில் ஒரு ராஜா தன் வம்ச வரலாற்றைக் கால் மணி நேரம் பேசினார், வாளைக் கண்ணிலேயே காட்டவில்லை.

எண் எண்பத்தாறு ஆனது. தணிகைவேல் ஆட்டத்தை அணைத்துவிட்டுக் கருத்துப் பலகையைத் திறந்து அடித்தான்: "இதச் செஞ்சவன் ஜென்மத்துல யாரையும் ஒரு அறை அறைஞ்சிருக்க மாட்டான். ஒரு நட்சத்திரம்கூடத் தர முடியாது. ஆடுன கைக்கு நீங்கதான் நஷ்டஈடு தரணும்!"

உடனே பதில் வந்தது. மின்மினி என்ற பெயரில் யாரோ எழுதியிருந்தார்கள்: "மாடு மாதிரி முட்டத் தெரிஞ்சா போதுமா? மந்திரத்துக்கு மூளை வேணும். அது இல்லாதவனுக்கு வாளே ஜாஸ்தி."

"உன் மந்திரம் ஈர விறகு. புகைதான் வரும்."

"உன் வாளால ஒரு புடலங்காய நறுக்கிக் காட்டு, ஒத்துக்கறேன்."

அவ்வளவுதான். தணிகைவேல் சட்டைக் கையை மடித்துவிட்டான். சொல்லாலேயே அவன் வெட்ட, மின்மினி தடுக்க, மின்மினி எரிக்க, அவன் விலக, ஒவ்வொரு சொல்லும் போய் விழும் இடத்தில் வலித்தது அவனுக்கே தெரிந்தது. வந்து விழுந்ததும் வலித்தது. ஏழு மணிச் சங்கு ஊதியபோது அவனுக்கு வியர்த்திருந்தது. எண் பதினொன்று.

சுவர்த்திரையில், நகரத்தின் சினமானிகளைக் கண்காணிக்கும் அளவையாளர் ஞானவடிவு தோன்றினார். "பதினொண்ணு. ரொம்ப நல்லது. போய் வீட்டம்மாவைப் பாத்துக்குங்க."

"மேடம், நான் எந்த ஆட்டத்தையும் உருப்படியா ஆடவே இல்லையே!"

"யாருமே ஆடறதில்லை," என்று அவர் சிரித்தார். "ஒன்பதாயிரத்தையும் திருப்தி வராதபடிதான் செஞ்சு வெச்சிருக்கோம். சண்டையே கருத்துப் பலகையிலதான்."

தணிகைவேலுக்கு மறுபடி சுர்ரென்றது. "அப்போ அந்த மின்மினி ஒரு எந்திரமா?"

"எந்திரத்தை வெச்சும் பாத்தோம். ஒருத்தருக்கும் இறங்கல. எதிர்ப்பக்கம் நிஜமா ஒரு ஆளுக்கு வலிச்சாத்தான் எண் இறங்குது. உங்க ரெண்டு பேருக்கும் அருமையாப் பொருந்துது. நாளைக்கும் சேத்து விடறோம்." திரை அணைந்தது.

சாப்பாட்டு மேசையில் பூங்கோதையின் முகம் பளிச்சென்று இருந்தது. மணிக்கட்டை நீட்டிக் காட்டினாள். "எனக்கு இன்னிக்கு ஒம்போதுங்க! ஒரு தடியன் வந்து மாட்டினான். புடலங்காய நறுக்கிக் காட்டுன்னேன். பதில் தெரியாம வேற பேச்சுக்குத் தாவிட்டான், மடையன்."

சோற்றைப் பிசைந்த கை நின்றது. நான் எங்கே தாவினேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. எண் முப்பது, நாற்பது என்று ஏறியது. ஒரு வருஷமாக இந்த வீட்டில் 'சாப்பிட்டீங்களா', 'சரிங்க' தவிர இவள் என்ன பேசியிருக்கிறாள்? முகம் தெரியாதவனோடு மட்டும் ஒன்றரை மணி நேரமா? தானும் அப்படித்தானே என்பது நினைவுக்கு வந்ததும் ஆத்திரம் இரட்டிப்பானது.

சொல்லிவிடலாம். ஆனால் சொல்லிவிட்டால் நாளைக்கு அவள் அவனை மாடு என்று திட்ட மாட்டாள். கையைக் கட்டிக்கொண்டு 'சரிங்க' என்பாள். பிறகு இருவரும் ஏறின எண்ணை எங்கே போய் இறக்குவது?

"சாம்பார் எப்படிங்க இருக்கு?" என்று பூங்கோதை மெல்லக் கேட்டாள்.

"பிரமாதம்மா."

சாம்பாரில் உப்பே இல்லை. அதை நாளை ஐந்து மணிக்குச் சொல்லிக்கொள்ளலாம்.