வலப்பக்கத்து மைக்

விசாலாக்ஷி நடுவில் உட்கார்ந்துதான் பாடினாள். பாய்க்கு இரண்டு புறமும் சரியாக மூன்றடி தள்ளி மைக்குகளை வைத்தவர் அவள் கணவர் பஞ்சாபகேசன். ரயில்வே ஆபீஸில் இருபது வருஷமாக வரைபடம் போடுகிறவர். கண்ணளவை நம்பாமல் ஸ்கேல் வைத்தே அளந்திருந்தார். ஆனாலும் டேப்பைப் பின்னுக்கு ஓட்டிப் போட்டுக் கேட்டபோது, அவள் குரல் அநேகமாக முழுக்க இடது ஸ்பீக்கரில் போய் ஒதுங்கியிருந்தது.

அந்த ஸ்டீரியோ டேப் ரிக்கார்டரை, கப்பலில் வேலை பார்க்கும் விசாலாக்ஷியின் தம்பி ஜம்பு அறுபத்தேழு ஜூனில் கொண்டுவந்து கொடுத்தான். ஜூலையில் டாக்டர் அவள் தொண்டையில் கட்டி என்றார். ஆகஸ்ட் கடைசியில் ஆபரேஷன். அதன் பிறகு பேச்சு வருவதே சந்தேகம். பாட்டைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அதற்குள் அவளுக்குத் தெரிந்த பாட்டையெல்லாம் பதிந்து வைத்துவிட வேண்டும் என்று பஞ்சாபகேசன் முடிவு செய்தார். தொண்டைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லியிருந்தது இருவருக்கும் தெரியும். இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் டேப்பைத் திரும்பத் திரும்பப் போட்டார். இடது பக்கத்தில் அவள் குரலோடு மாட்டுங்கா வீட்டின் சத்தமெல்லாம் இருந்தது: தலைக்கு மேல் மின்விசிறி கிறீச்சிடுவது, கீழ்வீட்டுத் தகரத்தில் மழை சொட்டுவது, தூரத்தில் லோக்கல் ரயில் தடதடத்துப் போவது, தெருவில் பழைய பேப்பர்காரனின் நீண்ட குரல். வலது பக்கத்தில் மழைகூட இல்லை. குரல் மட்டும் எங்கோ போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கலாக வந்தது. மைக்குக்கு முன்னால் யாராவது உட்கார்ந்து மறைத்தால்தான் அப்படி இருக்கும் என்று தோன்றியது. உடனே, ஒயரில்தான் கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றிச் செருகி, போன வாரம் பாடிய அதே பேகடா ராகப் பாட்டை மறுபடி பாடச் சொன்னார். கோளாறு மைக்கிலோ ஒயரிலோ என்றால் குரல் இப்போது வலப்பக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்படியானால் மெஷினில்தான் கோளாறு என்று, தானே பாயில் உட்கார்ந்து ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிப் பதிந்தார். அவர் குரல் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே அளவாக, நட்டநடுவில் கேட்டது. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, டேப் உரசிப்போகும் ஹெட்டைத் துடைத்துவிட்டு அவளை மூன்றாம் தடவை பாடச் சொன்னார். அவள் குரல் முன்னைவிட இடது ஓரத்துக்குப் போயிருந்தது.

"நான் நகரவே இல்லியேன்னா," என்றாள் விசாலாக்ஷி. அதைச் சொல்லும்போதே அவள் குரல் கம்மியது. பாடும்போது வலது காது அடைத்துக்கொள்கிறது, அந்தப் பக்கத்துக் கை சில்லிட்டுப் போகிறது என்றும் சொன்னாள். மழைக்காலம், அப்படித்தான் இருக்கும் என்றார் அவர்.

மூன்றாம் ஞாயிறு, வலப்பக்கத்து ஒலியளவுத் திருகை முழுவதும் ஏற்றிவைத்துப் பதிந்தார். கேட்கும்போது முதலில் ஒரு இரைச்சல். அதற்குள் மூச்சு. பாட்டின் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் விசாலாக்ஷி மூச்சு இழுப்பது இடப்பக்கம் கேட்டது. அதற்குச் சற்று முன்பே வலப்பக்கம் இன்னொரு மூச்சு இழுபட்டது. எங்கே நிறுத்துவாள், எங்கே எடுப்பாள் என்று அதற்குத் தெரிந்திருந்தது. சரணம் வந்தபோது மூச்சோடு சன்னமாக ஒரு முனகலும் சேர்ந்துகொண்டது. சுருதி சேரவில்லை. இரண்டாம் தடவை பாடியதைப் போட்டால், சேர்ந்துவிட்டிருந்தது.

அன்றிரவு விசாலாக்ஷி தண்ணீர் கேட்டதே அவர் காதில் விழவில்லை. அவ்வளவுதான் குரல் மிச்சம் இருந்தது.

புதன்கிழமை, தாராவியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் கரீம் பாட்சாவை ஆபீஸ் விட்டதும் கையோடு அழைத்துவந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நிதானமான மனிதர். மெஷினைப் பிரித்து, ஒவ்வொரு வால்வாகத் தட்டிப் பார்த்து, மூடினார். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடைசி டேப்பைக் கண்ணை மூடிக் கேட்டார். பாதியிலேயே எடுத்துவிட்டார். காபி கொண்டுவந்து வைத்த விசாலாக்ஷி உள்ளே போகும்வரை பேசவில்லை.

"மெஷின்ல ஒரு பழுதும் இல்ல சார். அந்தப் பக்கம் யாரோ உக்காந்திருக்காவ."

பஞ்சாபகேசன் சிரிக்கப் பார்த்தார்.

"மொதத் தடவ சும்மா கேட்டுக்கிட்டு இருந்திருக்காவ. இப்பப் பாடப் படிச்சிட்டாவ. அம்மாவ இனிமே பாட வைக்காதீய சார்."

காபியைத் தொடாமல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கிப் போனார்.

ஆபரேஷனுக்கு முந்தைய ஞாயிறு வந்தது. போதும், நிறுத்திவிடலாம் என்று பஞ்சாபகேசன் சொன்னார். அவளோ பாயை விரித்தாள். "நாளன்னிக்கு அறுத்துடப்போறா. டேப்புலயாவது நான் இருக்கணுமே," என்றாள் காற்றாக.

அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. வலப்பக்கத்து மைக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினார். ஒரே மைக். அதை அவள் முகத்துக்கு நேரே வைத்தார். ஸ்டீரியோவே வேண்டாம்.

அவள் சஹானா ராகத்தில் ஒரு பாட்டை எடுத்தாள். வெளியே பளிச்சென்று வெயில். குரல் கரகரத்து, அறுந்து, மறுபடி எழுந்தது. பதினோரு நிமிஷம் பாடினாள். முடித்ததும் அவரைப் பார்த்து ஏதோ சொன்னாள். உதடுகள் மட்டும் அசைந்தன.

இன்னொரு தடவை முயன்றாள். காற்றுகூட வரவில்லை.

பஞ்சாபகேசன் டேப்பைப் பின்னுக்கு ஓட்டி, போட்டார்.

இடது ஸ்பீக்கரில் மின்விசிறி மட்டும்.

வலது ஸ்பீக்கரில் சஹானா. கரகரப்பு இல்லை. அறுபடவில்லை. கல்யாணமான புதிதில் அவள் பாடிய குரல். நோய் வராத குரல்.

மைக் செருகாத பக்கம்.

அவர் திருகைக் குறைத்தார். குறையவில்லை. பொத்தானை அழுத்தினார். சுருள்கள் நின்றன. சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கினார். மெஷினின் சிறு விளக்கு அணைந்தது.

பாட்டு நிற்கவில்லை.

அது ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. பாயின் வலப்பக்கத்திலிருந்து வந்தது. மூன்றடி தள்ளி. வெறும் தரை. வெயில் விழுந்திருந்த தரை.

சஹானா முடிந்தது. ஒரு மூச்சு. உடனே அடுத்த பாட்டு. விசாலாக்ஷி ஒருநாளும் பாடியிராத பாட்டு.

அவர் அவளைப் பார்த்தார். வாயை இறுக மூடியிருந்தாள். கண்ணீர் மோவாயில் சொட்டியது. அவள் வலது கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. இடது கையால் அந்த மணிக்கட்டைப் பிடித்து, நகம் பதிய அழுத்திக்கொண்டிருந்தாள். தோல் கிழிந்து ரத்தம் வந்தது.

விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி எண்ணின. தாளம் தப்பவே இல்லை.