சந்தையில் வாங்கிய டிஸ்க்

நோன்பு திறக்கும் பீரங்கி காவலாளியின் ரேடியோவில் வெடித்தபோது, திரையில் யூஸ்தினாவின் பெயரில் இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள் இருந்தன. வெடி ஓய்ந்தபோது இருநூற்றுப் பதின்மூன்று.

பிஷோய் மறுபடி எண்ணினான். பதின்மூன்றுதான். ஸ்கேன் அறையைப் பூட்டி, சாவியை அவனிடமே கொடுத்துவிட்டு எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். ரமலானில் இந்த ஒரு மணி நேரம் அலெக்சாண்ட்ரியாவில் கார் ஹாரன்கூடக் கேட்காது. மருத்துவமனையை அவனைப் போன்ற கிறிஸ்தவர்கள்தான் பார்த்துக்கொள்வார்கள். எட்டு வருடமாக இந்த வேளை அவன் தலையில்தான் விடிகிறது.

சர்வர் அறையில் ஸ்கேன் படங்களைச் சேமித்து வைக்கும் மூன்று பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இரைந்துகொண்டிருந்தன. அடியில் இருப்பது பதினாலு வருடக் கிழம், நடுவில் இருப்பதற்கு ஏழு வயது, மேலே போன வருடம் வாங்கியது. நிர்வாகம் கஞ்சத்தனப்பட்டுப் பாதி அளவுக்கே புதிது வாங்கியதால் மூன்றும் ஒரே நுகத்தில் இழுத்தன. கிழத்துக்கு உதிரி பாகம் செய்வதைக் கம்பெனி எப்போதோ நிறுத்திவிட்டது. போன வாரம் அதில் ஒரு டிஸ்க் செத்தபோது, மேலதிகாரி ஸஃப்வத் இவனைப் பழைய சாமான் விற்கும் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குத்தான் விரட்டினார். இழுத்து மூடிய ஏதோ ஒரு மருத்துவமனையிலிருந்து வந்த டிஸ்க் கிடைத்தது. அதில் இருப்பதை முழுக்க அழிக்கப் பதினோரு மணி நேரம் ஆகும். "அப்படியே சொருகுடா," என்றார் ஸஃப்வத். பெட்டி அந்த டிஸ்க்கை மூன்று முறை மறுத்தது. நாலாவது முறை பிஷோய் கட்டாயப்படுத்தி ஏற்க வைத்தான்.

அன்றிலிருந்து அடிப்பெட்டியிலிருந்து ஒரு சத்தம். டக்கென்று ஒன்று, கொஞ்சம் விட்டு இன்னொன்று, ஈரமான மூச்சைப் போல ஒரு இழுப்பு. சூடான தூசியின் நெடியோடு, கழுவாத புண்ணுக்குப் போட்ட மருந்தின் நெடியும் கலந்து வந்தது.

இன்று காலை அதில் இன்னொரு டிஸ்க்கும் போய்விட்டது. இனி ஒன்று போனாலும் பெட்டியில் இருப்பதெல்லாம் போச்சு. அதில்தான் முந்தாநாள் எடுத்த யூஸ்தினாவின் ஸ்கேன் இருந்தது. அவனுடைய ஆறு வயது மகள். இதயத்தில் ஓட்டை. நாளைக் காலை எட்டு மணிக்கு அறுவை சிகிச்சை. படங்களை மேல்பெட்டிக்கு நகலெடுக்கத்தான் இந்த நேரத்தில் உட்கார்ந்திருந்தான். எழுபத்தோரு சதவீதம் ஆகியிருந்தது.

புதிய படத்தைத் திறந்தான். சின்ன விலா எலும்புகள். நடுவே இதயம். ஓரத்தில், அவளுடையதல்லாத நீளமான விரல் எலும்புகள் நாலு. படம் எடுத்த நேரம் இன்று மாலை, இரண்டு நிமிடத்துக்கு முன்பு.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்தது. அதில் முழுக் கை. அதற்கடுத்ததில் தோள். பிறகு ஒரு மண்டையோடு, யூஸ்தினாவின் கன்னத்தருகே, அவளைப் பார்த்துத் திரும்பியபடி.

ஸஃப்வத்துக்குப் போன் போட்டான். மறுமுனையில் தட்டு, கரண்டிச் சத்தம்.

"ஊரே சாப்பாட்டு முன்னாடி உக்காந்திருக்கு. உனக்கு இப்பதான் வேளை வந்துச்சா?"

"சார், அந்தச் சந்தை டிஸ்க்க உருவிரட்டுமா? அதுல என்னமோ இருக்கு சார்."

"உருவு. உன் பொண்ணோட படமும் சேந்து போகும். நாளைக்கு டாக்டர் எதப் பாத்து நெஞ்ச அறுப்பாரு, உன் மூஞ்சியவா? வேலையப் பாருடா." வைத்துவிட்டார்.

தொண்ணூறு சதவீதம். பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். நினைத்ததற்காகத் தன்மேலேயே அவனுக்கு வெறுப்பு வந்தது. டக். இழுப்பு. டக். இழுப்பு. இப்போது சத்தம் வேகமாக வந்தது.

போன் அடித்தது. நாலாவது மாடி வார்டிலிருந்து மனைவி இரினி.

"பிஷோய், பாப்பா பக்கத்துல நர்ஸ் யாராச்சும் படுப்பாங்களா? சூப் வாங்கிட்டு இப்பதான் வந்தேன். போர்வை ரெண்டு ஆள் மாதிரி மேடா இருக்கு."

"போர்வைய எடு."

"இழுக்கறேன், வர மாட்டேங்குது. உள்ளருந்து யாரோ புடிச்சிருக்காங்க. பிஷோய்!"

தொண்ணூற்றெட்டு.

அவன் தரையில் மண்டியிட்டான். சந்தை டிஸ்க்கின் கைப்பிடி பனிக்கட்டியாய்ச் சில்லிட்டது. உருவினான். வரவில்லை. காலை முட்டுக்கொடுத்து இழுத்தான். வந்தது.

அடிப்பெட்டியின் விளக்குகள் ஒவ்வொன்றாகச் சிவந்து அணைந்தன. நடுப்பெட்டி ஓலமிட்டு ஓய்ந்தது. சத்தமே இல்லை. கையில் டிஸ்க். ஸ்கேன் போயிற்று. போகட்டும்.

"இரினி?"

"விட்டுடுச்சு." அவள் அழுதாள். "யாரும் இல்ல பிஷோய். பாப்பா மட்டுந்தான். முழிச்சிட்டா. எழுந்து உக்காந்துட்டா."

அவன் சுவரில் சாய்ந்து கண்களை மூடினான்.

டக்.

மேலே.

இழுப்பு.

புதிய பெட்டி. திரையில் நூறு சதவீதம்.

"ரொம்பப் பசிக்குதாம்," என்றாள் இரினி. "குரல்தான் கட்டிருக்கு."

படம் தானாகவே திறந்தது. மேலே யூஸ்தினாவின் பெயர். கட்டிலில் ஒரே உடல், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. தொடை எலும்புகள் கட்டிலைத் தாண்டி நீண்டிருந்தன. அதன் பெரிய விலா எலும்புக் கூட்டுக்குள்ளே, முழங்காலைக் கட்டிக்கொண்டு சுருண்டு மடங்கி, வாயை அகலத் திறந்தபடி, சின்னதாய் இன்னோர் எலும்புக்கூடு.